கடைக்குப் போகுமுன்னே தொடங்கும் ஹலோவீன்: குடும்பத்தோடு கொண்டாட ஒரு முழுமையான வழிகாட்டி

2024இல் தீபாவளியும் ஹலோவீனும் ஒரே நாளில், ஒக்டோபர் 31 அன்று வந்தன. காலையில் எண்ணெய் வைத்து முழுகிய பிள்ளைகள் பின்னேரம் பேயும் வௌவாலுமாக வேடம் போட்டு, வீடு வீடாக இனிப்பு வாங்க வெளிக்கிட்டார்கள். இரவு, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் பயித்தம் பணியாரமும் முறுக்கும், மறுபக்கம் இரண்டு தலையணை உறை நிறையச் சொக்லேட். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவ்வளத்தையும் ஆர் பிள்ளை தின்னுறது?" என்று கேட்டார்.

பதில் எனக்குத் தெரியும். பாதியைப் பிள்ளைகள், கால்வாசியை அவர்கள் நித்திரையானபின் நான், மிச்சம் மார்ச் மாதத்தில் குப்பைக்கு. அதோடு ஒரு இரவு மட்டும் போட்ட இரண்டு பொலியெஸ்ரர் வேடம், வாசலில் அழுகிச் சரிந்த மூன்று பூசணிக்காய், செடிகளில் சிக்கிப் பிய்க்க முடியாமல் கிடந்த செயற்கைச் சிலந்திவலை.

இதையெல்லாம் திருத்தப் போய் முதல் வருடம் நான் செய்தது மடத்தனம். சொக்லேட்டுக்குப் பதிலாக முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை) பெட்டி கொடுத்தேன். அடுத்த நாள் அதில் பத்துப் பெட்டியாவது எங்கள் நடைபாதையில் கிடந்தது. பிறகுதான் விளங்கியது: ஹலோவீனில் வரும் குப்பையும் சீனியும் 31ஆம் திகதி இரவு தொடங்குவதில்லை. ஒக்டோபர் கடைசி வாரம், பதற்றத்தோடு கடைக்குள் நுழைகிற அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் தொடங்குகின்றன. அதனால் இந்த வழிகாட்டியை நாட்காட்டி வரிசையில் எழுதியிருக்கிறேன். நான் இருப்பது ரொறன்ரோ என்பதால் உதாரணங்களும் இங்கத்தையவை. வேறு நகரத்தில் இருப்பவர்கள் குளிரையும் குப்பை வண்டி விதிகளையும் மட்டும் தங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கொஞ்சம் பழங்கதை

இந்த விழாவின் வேர் அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் இருக்கிறது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் இரவை கெல்ற்றிய மக்கள் சவ்வின் என்றார்கள். பிறகு கிறிஸ்தவத்தில் நவம்பர் 1 சகல புனிதர்களின் நாளானபோது, அதற்கு முந்திய இரவோடு அது கலந்தது. அங்கே அப்போது பூசணிக்காய் இல்லை. ரேர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் வெட்டி உள்ளே நெருப்பு வைத்தார்கள். அயர்லாந்தின் மாயோ மாவட்டத்தில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு கிழங்கின் அச்சு இருக்கிறது. எங்கள் பூசணிக்காய்ச் சிரிப்பை விட அது பல மடங்கு பயங்கரம். வட அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் இங்கே மலிவாகவும் பெரிதாகவும் விளைந்த பூசணிக்கு மாறிக்கொண்டார்கள்.

வீடு வீடாகப் போனவர்களுக்கு அந்தக் காலத்தில் கிடைத்தது அப்பிள், கொட்டைகள், பணியாரம். தனித்தனியாகச் சுற்றிய கடை இனிப்பு மட்டும்தான் என்ற நிலை 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் வந்தது. ஆக, வீட்டில் கிடந்த கிழங்கும் கிழிந்த உடுப்பும் போதுமாயிருந்த ஒரு விழா இது.

பூசணியில் முகம் வரைந்து கெட்டதை விரட்டுவது எங்களுக்கும் புதிதல்ல. தமிழ்நாட்டில் புது வீட்டு வாசலில் திருஷ்டிக்குத் தொங்குகிற மீசைக்கார நீற்றுப்பூசணியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

ஒக்டோபர் முதல் வாரம்: ஒரு பேப்பரும் பேனையும்

பிள்ளைகளோடு இருந்து மூன்று கேள்விக்கு விடை எழுதுங்கள். போன வருடம் எங்கள் கதவைத் தட்டியவர்கள் எத்தனை பேர்? வீட்டில் ஏற்கெனவே என்ன வேடம், என்ன அலங்காரம் இருக்கிறது? இந்த முறை கட்டாயம் வாங்கவேண்டியது எது?

முதல் கேள்விதான் முக்கியம். எங்கள் தெருவில் 50 பிள்ளைகள் வருவார்கள். நான் பல வருடமாக 150 இனிப்பு உள்ள பெட்டிதான் வாங்கினேன், அதுதான் "லாபம்" என்று. மிஞ்சிய 100 எங்கே போனது என்று என்னுடைய இடுப்பளவு சொல்லும்.

வேடத்தையும் இந்த வாரமே தீர்மானிக்கவேண்டும். 25ஆம் திகதி தீர்மானித்தால் கடையில் தொங்குவதுதான் வேடம்.

வேடம்: அலுமாரியைத் திறவுங்கள்

2019இல் பிரிட்டனில் ஹப்பப் என்ற அமைப்பும் ஃபெயரிலாண்ட் ரஸ்ற்றும் 19 விற்பனையாளர்களிடம் இருந்த 324 ஹலோவீன் உடுப்புகளை ஆராய்ந்தன. அவற்றின் மூலப்பொருளில் 83% பெற்றோலியத்திலிருந்து வரும் பிளாஸ்ரிக். பொலியெஸ்ரர் என்று அழகான பெயரில் சொன்னாலும் அது பிளாஸ்ரிக் நூல்தான். கழுவும்போது நுண்துகளாக உதிரும், நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

தமிழ் வீட்டில் இதற்கு மாற்று நிறையவே இருக்கிறது. கிழிந்த பருத்திச் சேலை ஒன்றில் சூனியக்காரியின் மேலங்கியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மந்திரவாதியின் சால்வையும் வரும். பழைய வேட்டியை இரண்டு அங்குல அகலத்தில் கிழித்துச் சுற்றினால் மம்மி. தேத்தண்ணிச் சாயத்தில் ஒரு இரவு ஊறப்போட்டால் நாலாயிரம் வருடப் பழசு. அட்டைப் பெட்டி கிடைத்தால் சிறு பிள்ளைகள் ரோபோவாகவோ பஸ்ஸாகவோ மாறத் தயார். என் மகன் ஒரு வருடம் ரொறன்ரோத் தெருவில் ஓடும் ட்ராம் வண்டி, 'ஸ்ற்றீட்கார்' ஆகப் போனான். கடையில் வாங்கிய எந்த வேடத்துக்கும் கிடைக்காத கைதட்டல் அதற்குக் கிடைத்தது.

இரண்டாவது வழி மாற்றிக்கொள்வது. பிள்ளைகள் ஒரு வருடத்தில் வளர்ந்துவிடுவார்கள், வேடம் புதுசாகவே கிடக்கும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வாசலில் நிற்கும் பெற்றோருக்குள் ஒரு வட்சப் செய்தி போட்டால் போதும். ஒக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை ஆளுக்கொரு பையோடு வாருங்கள், கொடுத்துவிட்டு எடுத்துப் போங்கள். அதற்கும் சரிவராவிட்டால் வலியூ விலேஜ் போன்ற பழைய பொருள் கடை. ஆனால் அங்கும் முன்பக்கத்தில் புத்தம் புதிய ஹலோவீன் பொருட்களை அடுக்கி வைத்திருப்பார்கள். அதைத் தாண்டி உள்ளே போங்கள்.

வேடம் தைக்கும்போது மறக்கக்கூடாத ஒன்று, குளிர். ஒக்டோபர் கடைசி இரவில் இங்கே குளிர்ச் சட்டை இல்லாமல் பிள்ளையை அனுப்ப முடியாது. இளவரசி வேடத்துக்கு மேல் பனிச்சட்டை மாட்டினால் வரும் அழுகை இந்த நாட்டில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். ஆகவே சட்டைக்கு மேலே போடக்கூடியதாக ஒரு அளவு பெரிதாகத் தையுங்கள். விளிம்பு கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும், தடக்கி விழாமல் இருக்க. முகமூடி வேண்டாம், பக்கத்தில் வரும் கார் தெரியாது.

முகமூடி இல்லையென்றால் முகத்துக்கு நிறம். மலிவுச் சாயங்களில் கவனம் தேவை. 2016இல் அமெரிக்காவில் பாதுகாப்பான அழகுசாதனங்களுக்கான இயக்கம் பிள்ளைகளின் 48 முகச்சாயங்களைச் சோதித்தபோது, ஏறக்குறையப் பாதியில் ஈயம், கட்மியம் போன்ற கன உலோகங்களின் தடயம் இருந்தது. வீட்டிலேயே செய்யலாம். ஒரு கரண்டி சோளமா, அரைக் கரண்டி வாசமில்லாத முகக் கிரீம், அரைக் கரண்டி தண்ணீர். அதில் பீற்றூட் சாறு விட்டால் சிவப்பு, கொக்கோத் தூள் போட்டால் மண்ணிறம், ஒன்றும் போடாவிட்டால் பேயின் வெள்ளை. முழங்கையின் உட்பக்கம் முதலில் பூசி ஒரு மணித்தியாலம் பாருங்கள். மஞ்சள் தூள் மட்டும் வேண்டாம். நான் ஒருமுறை பூசி, அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குச் செங்கமாரியோ என்று கேட்டுவிட்டார்கள்.

இன்னொன்று, இதை எங்கள் ஆட்களுக்குத்தான் சொல்லவேண்டும். ஊரிலிருந்து வந்த கண்மையும் சுருமாவும் கறுப்பாக இருக்கிறதென்று பிள்ளையின் முகத்தில் பூசாதீர்கள். இவற்றில் சில வகைகளில் ஈயம் அதிகம் என்று கனடா, அமெரிக்க சுகாதாரத் துறைகள் எச்சரித்திருக்கின்றன.

வாசல் அலங்காரம்

இதை இரண்டு பந்தியில் முடித்துவிடலாம். வாங்கவே கூடாதது நீட்டி இழுக்கும் செயற்கைச் சிலந்திவலை. மரத்திலும் செடியிலும் அதைப் போர்த்தினால் சிறு பறவைகளும் வௌவால்களும் தேனீக்களும் சிக்கிச் சாகின்றன. வலை கட்டாயம் வேண்டுமென்றால் தடித்த பருத்திக் கயிற்றில் பெரிய கண்ணாகப் பின்னி, யன்னலுக்கு உட்பக்கம் கட்டுங்கள். காற்றடித்து நிற்கும் ராட்சத பொம்மைகள் இரவிரவாக விசிறி ஓட்டி மின்சாரம் குடிக்கும், இரண்டாம் வருடம் கிழியும். முறித்தால் ஒளிரும் குச்சிகள் ஒரு இரவுக்குத்தான்.

நாங்கள் செய்வது இது. ரொறன்ரோவில் தோட்டக் குப்பையைப் பிளாஸ்ரிக் பையில் வைக்கக்கூடாது என்பது விதி, நாங்கள் கடதாசிப் பையில் கட்டி வைப்போம். எப்படியும் ஒக்டோபரில் இலை கூட்டத்தானே வேண்டும்? அந்த மண்ணிறப் பைகளை நிறைத்து, ஒவ்வொன்றிலும் அடுப்புக்கரியால் பெரிய கண்ணும் பல்லும் கீறி வாசலில் வரிசையாக நிறுத்துவோம். பிள்ளைகள் இலை கூட்டச் சண்டை பிடிப்பது வருடத்தில் அந்த ஒரு நாள்தான். விழா முடிந்ததும் அடுத்த சேகரிப்பு நாளில் அப்படியே தெருவோரம் வைத்துவிடலாம்.

பூசணிக்காய்: இதில்தான் அதிகம் வீணாகிறது

கடை வாசலில் குவித்திருக்கும் பெரிய தோடம்பழ நிறப் பூசணி வெட்டி விளக்கு வைப்பதற்கென்று வளர்த்த வகை. சதை மெல்லியது, நாரும் தண்ணீரும் அதிகம், இனிப்புக் குறைவு. அதனால் அது சாப்பாடு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். சாப்பிடலாம். ஆனால் எதைச் சாப்பிடுவது, எதை விளக்காக்குவது என்பதைக் கத்தி வைக்குமுன் தீர்மானிக்கவேண்டும்.

எங்கள் கணக்கு: ஒரு பெரிய பூசணி விளக்குக்கு, இரண்டு சிறிய 'பை' (pie என்ற பலகாரம் செய்யும்) பூசணி அலங்காரத்துக்கு. சிறியவற்றை வெட்டுவதில்லை, சாயமும் பூசுவதில்லை. தொப்பி, கிராம்பு, காய்ந்த சோளப் பொத்தி, இவற்றால் முகம் வைத்துப் படியில் இருத்தினால் நவம்பர் முழுக்கக் கறிக்கு உதவும். ஒன்றே ஒன்று, உறைபனி விழும் இரவுகளில் உள்ளே எடுத்துவிடுங்கள். உறைந்து உருகினால் கூழாகிவிடும்.

பெரியதை 29 அல்லது 30ஆம் திகதி வெட்டுங்கள். அதற்குமுன் வெட்டினால் 31ஆம் திகதிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். வேலை இப்படிப் போகும்:

1. வெளித்தோலைக் கழுவித் துடைத்து, மேசையில் பழைய பத்திரிகை விரியுங்கள். மூடியை மேலே வெட்டாமல் அடியில் வட்டமாக வெட்டினால் விளக்கின் மேல் தூக்கி வைப்பது சுலபம். கத்தி பெரியவர் கையில். பிள்ளைக்குக் கரண்டி.

2. விதையையும் நாரையும் ஒரு சட்டியில் வழியுங்கள். பிறகு, முகம் வெட்டும் பக்கத்துச் சுவரை உட்புறமாகச் சுரண்டி ஒரு அங்குலத் தடிப்புக்குக் கொண்டு வாருங்கள். சுரண்டிய சதையை உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். இதுதான் சமையலுக்கு. வெளியில் இரவு முழுக்க விளக்கு எரிந்த பூசணியை அடுத்த நாள் சமைக்கக்கூடாது. வெட்டிய காய் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் நின்றால் கிருமிக்கு வீடு.

3. முகத்தைப் பென்சிலால் கீறி, சிறு வாளால் அறுங்கள். அழுகாமல் இருக்க என்று பிளீச் தெளிக்காதீர்கள். எங்கள் தெரு அணில்கள் அதைத்தான் முதலில் கடிக்கும்.

4. உள்ளே மெழுகுதிரி வைப்பதைவிட சார்ஜ் பண்ணும் சிறு எல்ஈடி விளக்கு நல்லது. சேலை வேடமும் மெழுகுதிரியும் ஒரே வாசலில் சேரக்கூடாது. பொத்தான் பற்றரி போட்ட மலிவு விளக்குகளில் பற்றரி மூடி திருகாணியால் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே தொண்டைக்குழாய் வெந்துபோகலாம்.

விதையை வீசாதீர்கள். நாரைப் பிரித்துக் கழுவி, உப்புப் போட்ட தண்ணீரில் 10 நிமிடம் அவித்து வடியுங்கள். துணியில் நன்றாக ஒற்றி, ஒரு கரண்டி எண்ணெய், மிளகாய்த்தூள், கொஞ்சம் மிளகு, கிள்ளிய கறிவேப்பிலை சேர்த்துப் பிரட்டி, 325 பாகை பாரன்ஹீற்றில் 20 முதல் 25 நிமிடம் வாட்டினால் மொறுமொறுவென்று வரும். அவிக்காமல் வாட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும்.

தண்ணீர் அதிகமுள்ள இந்தப் பூசணியின் சதையைக் கறியாக்கும்போது குழம்பு ஓடும். அதற்கு ஊரில் வழி இருக்கிறது. ஒரு கரண்டி அரிசியும் இரண்டு கரண்டி தேங்காய்ப்பூவும் மண்ணிறமாக வறுத்து, அரைக் கரண்டி கடுகோடு அரைத்து, இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன் தேங்காய்ப்பாலில் கரைத்து விடுங்கள். கறி திரண்டு வாசமும் ஏறும். பிள்ளைகளுக்கு உறைப்பு வேண்டாமென்றால் அதே சதையை இஞ்சி, மிளகு, ஒரு பிடி மைசூர்ப் பருப்போடு அவித்து அரைத்தால் சூப். 31ஆம் திகதி இரவுக்கு அதுதான் எங்கள் வீட்டுச் சாப்பாடு.

கதவைத் தட்டும் பிள்ளைக்கு என்ன கொடுப்பது?

இங்கே ஒரு உண்மையை ஒத்துக்கொள்ளவேண்டும். வீட்டில் செய்த முறுக்கு எவ்வளவு சுத்தமானதென்றாலும், தெரியாத வீட்டிலிருந்து வந்த திறந்த பலகாரத்தைப் பெற்றோர் குப்பையில்தான் போடுவார்கள். தோடம்பழத்துக்கும் அதே கதி. இனிப்பில் நஞ்சு வைக்கும் அந்நியர்கள் என்ற பயத்துக்கு ஆதாரம் மிகக் குறைவு. அதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ற், அப்படி ஒரு அந்நியர் ஒரு பிள்ளையைக் கொன்றதாக உறுதியான சம்பவம் ஒன்றையும் காணவில்லை. ஆனாலும் பயம் இருக்கிறவரை உங்கள் முறுக்கு குப்பைதான். அதைத் தெரிந்த வீடுகளுக்கு, தூக்குச்சட்டியில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அந்நியப் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பது இரண்டு கிண்ணம். ஒன்றில் கடதாசிப் பெட்டியில் வரும் இனிப்பு. ஸ்மார்ட்டீஸ் 2021இலிருந்து கடதாசி உறைக்கே மாறிவிட்டது. சாதாரண சொக்லேட் உறை பிளாஸ்ரிக்கும் உலோகப் பூச்சும் ஒட்டிய படலம். பெரும்பாலான நகரங்களில் அது மீள்சுழற்சிக்குப் போகாது. மற்றக் கிண்ணத்தில் சாப்பிட முடியாதவை: பென்சில், சோக்குக் கட்டி, நடுவதற்குக் கடதாசி உறையில் சூரியகாந்தி விதை. சின்னப் பிளாஸ்ரிக் விளையாட்டுச் சாமான் வேண்டாம். அது இனிப்பை விட மோசம், இனிப்பாவது வயிற்றுக்குள் போகும்.

பிள்ளை எந்தக் கிண்ணத்தில் கை வைக்கிறது என்று பாருங்கள். பத்து வயதுக்காரர் சொக்லேட்டுக்குத்தான் பாய்வார். நாலு வயதுக்காரர் பெரும்பாலும் பென்சிலை எடுத்துக்கொண்டு சந்தோசமாகப் போய்விடும்.

இரண்டாவது கிண்ணத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வேர்க்கடலை, பால், முட்டை ஒவ்வாத பிள்ளைகளுக்கு இந்த இரவு முழுக்க "உனக்கு இல்லை" என்பதுதான். 2012இல் ரெனிசி மாநிலத்தில் ஒவ்வாமையுள்ள ஒரு பிள்ளையின் தாய் தொடங்கிய யோசனை, 2014இல் அமெரிக்கா முழுவதும் பரவியது. வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி வைத்தால், இந்த வீட்டில் சாப்பாடு அல்லாத பரிசும் இருக்கிறது என்று அர்த்தம். நிஜப் பூசணிக்குச் சாயம் பூசாமல் ஒரு அட்டையில் வரைந்து ஒட்டினாலும் போதும்.

சொக்லேட்டே வாங்குவதென்றால், நியாய வணிகத்தைக் குறிக்கும் ஃபெயர்ட்ரேட் முத்திரையைத் தேடுங்கள். ஐவரி கோஸ்ற், கானா என்ற இரண்டு நாடுகளில் மட்டும் ஏறக்குறைய 15.6 இலட்சம் பிள்ளைகள் கொக்கோத் தோட்டங்களில் பிள்ளைத் தொழிலாளர்களாக இருக்கிறார்கள் என்று சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனம் 2020இல் சொன்னது. விலை கூடத்தான். 150க்குப் பதில் 50 வாங்கினால் கணக்குச் சரிவரும்.

31ஆம் திகதி இரவு

சூரியன் பின்னேரம் 6 மணி தாண்டியதும் மறைந்துவிடும். ஐந்தரைக்கே சாப்பிட வையுங்கள். வயிறு நிறைந்த பிள்ளை நடக்கும்போது உறையைப் பிரிக்காது. மறுக்க முடியாத சாப்பாடாக இருக்கட்டும்: பூசணி சூப், பாண், முட்டை. புது மரக்கறி பரிசோதிக்கும் நாள் இதுவல்ல.

பைக்குத் தலையணை உறை. கனடாவில் இது பழைய வழக்கம். கடையில் விற்கும் பிளாஸ்ரிக் பூசணி வாளிக்குப் பிடி கழன்றுவிடும்.

காரில் ஏற்றி "பெரிய சொக்லேட் கொடுக்கும்" பணக்காரத் தெருவுக்குப் போகாதீர்கள். இந்த இரவின் உண்மையான ஆபத்து கார்தான். 1975 முதல் 2016 வரையான அமெரிக்க வீதி விபத்துப் பதிவுகளைக் கனடிய ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது, ஹலோவீன் இரவில் பாதசாரிகள் சாகும் வாய்ப்பு சாதாரண இரவுகளை விட 43% அதிகம். 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு அது இன்னும் பல மடங்கு. ஆகவே நஞ்சைப் பற்றிக் கவலைப்படுகிற நேரத்தில் வேடத்தின் முதுகில் ஒளி தெறிக்கும் ரேப் ஒட்டுங்கள், கையில் ஒரு ரோச் லைற் கொடுங்கள், தெருவின் ஒரு பக்கத்தை முடித்துவிட்டுச் சந்தியில் கடந்து மறுபக்கம் வாருங்கள். ஒன்றரை மணித்தியாலம் நடந்தால் அதுவே நல்ல உடற்பயிற்சி. எங்கள் சின்னவளுக்கு வீடு வந்ததும் நித்திரை, இனிப்பைப் பற்றி நினைக்கவே நேரமில்லை.

வீட்டுக்கு வந்தபின் முழிப்பாக இருக்கும் பெரிய பிள்ளைகளுக்கு ஐரிஷ் விளையாட்டு ஒன்று: நூலில் கட்டித் தொங்கவிட்ட அப்பிளைக் கை படாமல் கடிப்பது. எங்கள் முட்டி உடைத்தலுக்குத் தூரத்துச் சொந்தம். தண்ணீர் வாளிக்குள் முகம் விட்டு அப்பிள் கவ்வுவதும் உண்டு. ஒரே வாளியில் பத்துப் பேருடைய எச்சில், அதை நான் விட்டுவிட்டேன்.

மேசையில் கொட்டிய சொக்லேட்

முதலில் பெரியவர்கள் தரம் பிரியுங்கள். நாலு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் கடினமான உருண்டை இனிப்பு, சூயிங்கம், கொட்டை, சோளப்பொரி எல்லாம் எடுத்துவிடவேண்டும், தொண்டையில் சிக்கும். ஒவ்வாமை இருந்தால் ஒவ்வொரு உறையையும் வாசியுங்கள். சிறிய அளவு இனிப்பில் சேர்மானம் பெரியதைவிட வேறாக இருப்பதுண்டு.

அமெரிக்க இதயச் சங்கம் 2 முதல் 18 வயதுவரை ஒரு நாளைக்குச் சேர்த்த சீனி 25 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது. அது சுமார் ஆறு தேக்கரண்டி. கையளவுச் சிறு சொக்லேட் ஒன்றில் பொதுவாக 6 முதல் 10 கிராம் இருக்கும். மூன்றில் அன்றையப் பங்கு முடிந்தது. ஆனால் இந்தக் கணக்கை அந்த இரவு பிள்ளையிடம் வாசித்துக் காட்டாதீர்கள். முதல் இரவு விரும்பியதைச் சாப்பிடட்டும். ஒளித்து வைத்தால் ஒளித்துத் தின்னத்தான் பழகும், அதில் நானே சாட்சி.

அடுத்த நாளிலிருந்து விதி: ஒரு நாளைக்கு இரண்டு, இராச்சாப்பாட்டோடு. ஏன் சாப்பாட்டோடு? வாயில் எச்சில் அதிகம் ஊறும் நேரம் அது, பல்லில் படியும் அமிலத்தைக் கழுவிவிடும். நாள் முழுக்க ஒவ்வொன்றாகக் கொறித்தால் ஒவ்வொரு முறையும் அமிலம் புதிதாகத் தாக்கும். பல்லுக்கு நல்லது கெட்டது என்று பார்த்தால் சாதாரண சொக்லேட் ஓரளவு பரவாயில்லை, சீக்கிரம் கரைந்து போகும். ஒட்டும் கரமலும், நெடுநேரம் உறிஞ்சும் லொலிப்பொப்பும், புளிப்பு இனிப்பும்தான் மோசம். நான் பெருமையாகக் கொடுத்த முந்திரிகை வற்றலும் பல்லில் ஒட்டும் கூட்டத்தில்தான் சேரும் என்பதைப் பிறகு பல் வைத்தியர் சொல்லித் தெரிந்துகொண்டேன். புளிப்பு இனிப்புத் தின்றவுடன் பல் துலக்கக்கூடாது. தண்ணீரால் கொப்பளித்து அரை மணித்தியாலம் விட்டுத் துலக்கவேண்டும்.

சில வீடுகளில் "சூனியக்காரி வந்து இனிப்பை எடுத்துக்கொண்டு பொம்மை வைத்துவிட்டுப் போவாள்" என்று ஒரு ஏற்பாடு. சீனிக்குப் பதில் இன்னொரு பிளாஸ்ரிக் பெட்டி. எனக்கு அதில் உடன்பாடில்லை. மிஞ்சிய சொக்லேட்டை டிசம்பர் கேக்குக்கு நறுக்கி உறைய வைக்கலாம்.

நவம்பர் 1: பூசணியை வழியனுப்புதல்

பூசணிக்காய் சாதாரணக் குப்பையோடு புதைமேட்டுக்குப் போனால், காற்றில்லாத இடத்தில் அழுகி மீதேன் வாயு விடும். நூறு வருடக் கணக்கில் அது கரியமில வாயுவை விடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அதே பூசணி உரக்குழிக்குப் போனால் நல்ல மண்.

ரொறன்ரோவில் இதை ஒரு விழாவாகவே ஆக்கிவிட்டார்கள். மேற்கில் சொரோரன் பூங்காவில் 2004இலிருந்து, நவம்பர் 1 இரவு அக்கம்பக்கத்தவர் தங்கள் வெட்டிய பூசணிகளைக் கொண்டு வந்து பாதையோரம் அடுக்கி மீண்டும் ஒருமுறை ஏற்றுகிறார்கள். பார்த்து முடிந்ததும் அவை நகரசபை மூலம் உரத்துக்குப் போகின்றன. இப்போது பல பூங்காக்களில் இது நடக்கிறது. இனிப்பே இல்லாத ஒரு ஹலோவீன் இரவு அது. எங்கள் பிள்ளைகளுக்கு 31ஐ விட அதுதான் பிடிக்கும் என்று சொன்னால் பொய், ஆனால் வரமாட்டேன் என்று சொன்னதில்லை.

வீட்டில் உரக்குழி இருந்தால் விளக்கு, மெழுகு, ஊசி எல்லாம் எடுத்துவிட்டு, மிஞ்சிய விதையையும் பொறுக்குங்கள், இல்லாவிட்டால் வசந்தத்தில் குழி முழுக்கப் பூசணிக்கொடி. மண்வெட்டியால் கொத்திப் போட்டு, ஒரு பங்கு பூசணிக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை மூடுங்கள். கொத்தும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள், வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள். குழி இல்லாதவர்கள் நகரசபையின் சேகரிப்பு அறிவிப்பைப் பார்த்து அந்த நாளில் வைக்கலாம். ஆடு, பன்றி வளர்க்கும் பண்ணைகள் சிலவும் சாயம் பூசாத பூசணியைக் கேட்டு வாங்கும். "மிருகங்கள் தின்னட்டும்" என்று பற்றைக்காட்டில் மட்டும் போடாதீர்கள். பழக்கமில்லாத சாப்பாடு காட்டு விலங்குகளின் வயிற்றைக் கெடுக்கும், ரக்கூன்களைத் தெருவுக்கு அழைத்துவரும்.

அன்று பகல் கடைகளில் ஹலோவீன் பொருட்கள் பாதி விலைக்குப் போகும். நானும் போய்ப் பார்ப்பேன். இரண்டு கையையும் குளிர்ச்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு.

கடைசி வேலை ஐந்து நிமிடம். வேடங்களைக் கழுவிக் காயவைத்து ஒரு பெட்டியில் போட்டு, மூடியின் உட்பக்கம் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டுவோம். போன வருடத்தது இப்படி இருந்தது: "வந்தவர்கள் 47. மிச்சம் 6. பென்சில் காணாது. ஸ்ற்றீட்கார் அட்டை நனைந்துவிட்டது. அம்மம்மா சூப்புக்கு இன்னும் கொஞ்சம் மிளகு போடச் சொன்னவ."